எங்கடை பெடியன்

ஊரோடு ஒத்துப்போவதில் சிவமலரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது, ரமோன் வேகா விஷயத்தைத் தவிர. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இத்தாலிய வீரனை இடித்து விழுத்திவிட்டான் என்று பலெர்மோ நகரமே அந்த ஸ்பெயின்காரனைக் கரித்துக் கொட்டியது. பல்லரோச் சந்தையில் மீன் வெட்டுகிறவன்கூட அவன் பெயரைக் கேட்டால் துப்புவான். சிவமலருக்குப் பந்தயத்தின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. மகன் அனுசன் டிவியே கதியென்று கிடக்க, பக்கத்தில் இருந்து வெங்காயம் உரிப்பாள்.

"பேரிலையே வேகம் இருக்கம்மா. இவனை ஆர் பிடிக்கிறது?"

"வேகம் கிடக்கட்டும். இவனைப் பெத்தவள் என்னெண்டு நித்திரை கொள்ளுறாள்?"

வேகா வந்த சூட்டோடு உலகப் பட்டத்தை வென்றான். பிறகு கை முறிந்தது. தையல் காயுமுன்பே திரும்பி வந்து ஓடினான். விழுவான், புழுதியைத் தட்டிக்கொண்டு எழும்புவான், ஊளையிடுகிற கூட்டத்துக்கே கையைக் காட்டிவிட்டுப் போவான். சனம் திட்டத் திட்ட சிவமலருக்கு அவன்மேல் இரக்கம் கூடியது. "எங்கடை பெடியன்" என்று பெயரும் வைத்தாள். அதன்பின் அந்த வீட்டில் யாரும் வேகா என்று சொன்னதில்லை.

ஞாயிறுகளில் அவள் பொலிதேயாமாப் பக்கம் ஒரு முதிய இத்தாலிய ஸின்யோராவைப் பராமரிக்கப் போய்விடுவாள். கணவர் நகுலேஸ்வரன் ரயில் ஸ்தாசியோனேக்குப் பக்கத்து உணவகக் குசினியில் நின்றபடி பந்தய நிலவரம் சொல்லப் போன் எடுப்பார். "எங்கடை பெடியன் முன்னுக்கு." சில நாளில், "எங்கடை பெடியன் விழுந்திட்டான்."

அந்த ஞாயிறும் போன் வந்தது.

"மலர், எங்கடை பெடியன் விழுந்திட்டானப்பா."

"விழாட்டிலெல்லோ புதினம். எழும்பிடுவான். அதுக்கேன் அழுறியள், விசரே உங்களுக்கு? ஸின்யோராவுக்கு சூப் ஆறுது, வையுங்கோ."

சிரித்தபடி போனைக் கைப்பைக்குள் போட்டாள். சூப்பைப் பருக்கி, கிழவியின் வாயைத் துடைத்து, தலையணையைச் சரிசெய்தாள். பாவம், எப்படி விழுந்தானோ என்று கூடத்து டிவியைப் போட்டாள்.

வேகா விழவில்லை. எல்லாருக்கும் முன்னால், தன்னந்தனியே பறந்துகொண்டிருந்தான்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது.

வியா ரோமாத் தெருவில் அனுசனின் ஸ்கூட்டரை ஒரு கார் அடித்திருந்தது. அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போனபோது நகுலேஸ்வரன் குசினி ஏப்ரனோடு வாசலில் நின்றார். அவளைக் கண்டதும் நிலத்தில் குந்திவிட்டார். உள்ளே போய்ப் பார்க்க அவளுக்கு உயிருள்ள பிள்ளை இல்லை.

போன மாதம் வேகா பந்தயத்தை விட்டு ஒதுங்கினான். அவனைப் பழித்த அதே சனம் எழுந்து நின்று கைதட்டுவதை டிவி திரும்பத் திரும்பக் காட்டியது. நகுலேஸ்வரன் எழும்பிப் போய் அதை நிற்பாட்டினார்.

"என்னை ஒருக்கால் ஏசுங்கோவன்," என்றாள் சிவமலர். "சிரிச்சுக்கொண்டு போனை வைச்சவள் நானெல்லோ. உங்கடை வாயாலை ஒரு ஏச்சு."

"உன்னை என்னத்துக்கு? பிள்ளைக்குச் சாத்திரியாரிட்டைப் போய் எழுத்துப் பாத்து வைச்ச பேர். அந்தப் பேரை நானெல்லோ சொல்லியிருக்கோணும். வாயிலை வரேல்லை."

அவள் சீலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"கடைசியிலை கண் முழிச்சவனே? என்னைக் கேட்ட..."

"இல்லையப்பா. மயக்கத்திலைதான் கிடந்தவன்."

அவள் கேட்டு முடிக்குமுன்பே அந்தப் பதில் வந்துவிட்டது. பிறகு அவள் கேட்கவேயில்லை.