ஊற்றுக்குக் கட்டிய பச்சைச் சேலை

செம்மேட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் வாடகைக்குள் தண்ணீரும் அடக்கம். இது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வீட்டில் தண்ணீரை அதிகமாக வீணாக்கியவன் நான்தான்.

மேலே மலைச்சரிவில் ஓர் ஊற்று. அதை மடக்கி ஒரு சிமெண்டுத் தொட்டி. அதிலிருந்து கறுப்பு ஓஸ் குழாய்கள் மிளகுக் கொடிகளுக்கும் பலாமரங்களுக்கும் நடுவே நெளிந்து ஊருக்குள் இறங்கும். எல்லாம் ஒரே நிறம் என்பதால், தொட்டிக்குள் முங்கியிருக்கும் முனைக்குப் பக்கத்தில் அவரவர் வீட்டுத் துணியில் ஒரு கிழிசலைக் கட்டி அடையாளம் வைப்பார்கள். எங்களுடையது அம்மாவின் பழைய பச்சைச் சேலைத் துண்டு. அடுத்த வீட்டுத் துணியை அவிழ்க்கிறவன் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பிறந்திருந்தான். நாலாவது படித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். கிண்டலுக்குச் சொல்லவில்லை. பலாப்பழம் அறுத்தால் எங்களுக்கும் சுளை வரும். அருவி பார்க்க வருகிறவர்கள் பெருகி, பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாக லாட்ஜாக மாறியபோது அவர் மனசும் மெல்ல மாறியது. ஆனால் காலி பண்ணுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. ஒரு நாள் காலையில் எங்கள் குழாயில் காற்று மட்டும் வந்தது, அவ்வளவுதான்.

"ஊத்து வத்திப் போச்சுங்க அம்மிணி," என்றார். அப்போது ஐப்பசி மழை. சொன்னவர் குடைக்குள் நின்றிருந்தார். மாடியில் அவர் புதிதாகக் கட்டியிருந்த ரூமில் யாரோ பாட்டுப் பாடிக்கொண்டே ஷவரில் குளிக்கும் சத்தம் கேட்டது.

அப்பாவுக்கு இதில் உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்திருக்க வேண்டும். அவர் அடிவாரத்தில் இருக்கும் பேளுக்குறிச்சிக்காரர். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு இறக்கும் வண்டி ஓட்டினார். "பேளுக்குறிச்சிக்கே போயிரலாம். அங்க குழாயத் திருகுனாத் தண்ணி," என்றார்.

"போனா என்ர வேல?" என்றாள் அம்மா. மலைமேல் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தாள். அத்தனை கொண்டை ஊசி வளைவையும் தினமும் ஏறி வந்து, நேரத்துக்கு அடுப்புப் பற்றவைக்க முடியாது. வீடு போனால் வேலையும் போகும். "ஊடும் தண்ணியும் சேத்திப் பேசித்தான வந்தோம்? வாடகையும் குடுத்துட்டுத்தான இருக்கறோம்? நான் எறங்க மாட்டேன்."

மறுநாளிலிருந்து பஸ் ஸ்டாண்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்தாள். அவள் வந்த வழிதான் எனக்குப் பொறுக்கவில்லை. கடைவீதி முழுவதும் சுற்றி வந்தாள். டீக்கடை முன்னால் குடத்தை இறக்கி மூச்சு வாங்குவாள். பேக்கரி முன்னால் இன்னொரு தடவை. என்னோடு படிக்கிற பையன்கள் பார்ப்பார்கள். எனக்கு மானம் போயிற்று. போகிற அளவுக்கு அது என்னிடம் இருந்ததா என்பது வேறு விஷயம்.

ஆகவே ஆராய்ச்சியில் இறங்கி, காப்பித் தோட்டத்துக்குள் புகுந்து பாதித் தூரத்திலேயே வீடு சேர்கிற ஒரு குறுக்கு வழியைக் கண்டுபிடித்தேன். ஈ காக்கைகூடப் பார்க்காது. அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

"நல்ல வழி சாமி," என்று தலையைத் தடவினாள். அடுத்த நாள் மறுபடியும் கடைவீதி. அம்மாவுக்கு வழி நினைவில் நிற்பதில்லை என்று முடிவுகட்டி, அப்பாவிடம் வருத்தத்தோடு தெரிவித்தேன்.

இதற்கிடையில் அவள் தாலுகா ஆபீசில் மனு கொடுத்திருந்தாள். மனு எங்கெங்கோ போய்விட்டு, ஒரு நாள் சாயங்காலம் ஒரு பெண் அதிகாரியாகத் திரும்பி வந்தது. வாசலில் வைத்தே விசாரணை.

"அவங்களுக்குன்னு ஓஸே கெடையாதுங்க மேடம்," என்றார் வீட்டுக்காரர். "பாவம்னு என்ர ஓஸுலயே புடிச்சுக்கச் சொன்னேன்."

"மேல தொட்டியில பச்சத் துணி கட்டி இருக்குதுங்க," என்றாள் அம்மா.

"காலைல நேர்லயே பாத்துடலாம்," என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. தொட்டியில் எத்தனையோ நிறத் துணி. அதில் ஒரே ஒரு பச்சை அதிகாரியின் கண்ணில் படாவிட்டால்? டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பச்சையாக ஒரு சேலை இருந்தது. இருட்டுவதற்குள் ஊற்றுக்கு ஓடி, கிழித்துக் கிழித்து, தண்ணீரில் கிடந்த ஓஸ்களுக்கெல்லாம் கட்டினேன். பழைய துணிகளை அவிழ்த்துத் தொட்டிச் சுவரின்மேல் குவித்தேன். முனை மடங்கி வெளியே கிடந்த ஓர் ஓஸை மட்டும், செத்த ஓஸ் என்று விட்டுவிட்டேன். வேலையில் எனக்கு அவ்வளவு சுத்தம்.

காலையில் பாதிக் கடைவீதி வேடிக்கை பார்க்கக் கூடவே ஏறியது. ஊற்றுக்குப் பக்கத்தில் செருப்போடு போவதில்லை என்பதால் அதிகாரியும் பலாமரத்தடியில் கழற்றிவிட்டு வந்தார்.

"எதும்மா உங்க ஓஸு?"

அம்மா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தொட்டியைச் சுற்றித் திருவிழாத் தோரணம் போலப் பச்சை ஆடிக்கொண்டிருந்தது. செம்மேட்டுக்குப் போகிற தண்ணீர் முழுவதும் ஒரே இரவில் எங்களுடையதாகியிருந்தது.

"அப்ப என்ர டீத் தண்ணியும் உங்களுதுங்களா அம்மிணி?" என்றார் டீக்கடைக்காரர்.

வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்தது. "பாத்துக்கோங்க மேடம், இதுதான் இவங்க லட்சணம்."

அம்மா யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "கண்ணு," என்றாள், மிக அன்பாக. நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். "அது நான் விசேசத்துக்குக் கட்டற சீலடா!"

கூட்டம் சிரித்ததில் தொட்டித் தண்ணீர் அலையடித்தது. அம்மா என் காதைப் பிடித்தபடி, "இதுல எதுவுமே எங்களுது இல்லீங்க, பையன் பண்ணுன கூத்து," என்று அதிகாரியிடம் சொன்னாள். பிறகு ஒவ்வொன்றாக என்னையே அவிழ்க்க வைத்தாள். சுவரிலிருந்த துணிகளை எடுத்து அவரவர் ஓஸில் அவரவரே கட்டிக்கொண்டார்கள். கடைசியில் என் செத்த ஓஸ் மட்டும் மிஞ்சியது. முனையை மடக்கிக் கம்பியால் முறுக்கியிருந்தது. அதிகாரி குனிந்து, அதில் ஒட்டிக்கிடந்த அழுக்கு முடிச்சின் பாசியை நகத்தால் சுரண்டினார். அடியில் வெளுத்துப்போன பச்சை.

ஊரிலிருந்த ஓஸுக்கெல்லாம் துணி கட்டியவன், எங்கள் வீட்டு ஓஸை மட்டும் விட்டிருந்தேன்.

"அது எப்பவோ நின்னு போனதுங்க," என்றார் வீட்டுக்காரர் அவசரமாக. "வருசக் கணக்காச்சு."

அதிகாரி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். டீக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "வருசமெல்லாம் இல்லீங்க. இந்த ஐப்பசில இருந்துதான் அம்மிணி கொடம் தூக்குது. தெனமும் என்ர கடை முன்னாலதான் எறக்கி வெக்குது. அதுக்கு முந்தி ஒரு நாளும் தூக்கிப் பாத்ததில்ல."

"என்ர பேக்கரி முன்னாலயும்தானுங்க," என்றது ஒரு குரல். "நாங்களும் பாத்தமுங்க," என்று பின்னாலிருந்து வேறு சில.

அதிகாரி வீட்டுக்காரரிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "வாடகையோட சேத்துக் குடுத்த தண்ணிய, வாடகையும் வாங்கிக்கிட்டு நிறுத்தக் கூடாதுங்க. ஊடு வேணும்னா அதுக்கு முறை இருக்குது, அப்படிக் கேளுங்க. தாகத்துல தவிக்க வெச்சுக் கெளப்பறது முறை இல்ல."

வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். பிறகு தாமே உட்கார்ந்து கம்பியைப் பிரித்து, முனையைத் தண்ணீருக்குள் விட்டார். நாங்கள் இறங்கி வருவதற்குள் வீட்டுக் குழாய் இருமிக் கனைத்துத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் அதைத் திறந்தே விட்டிருந்ததற்குத் தனியாக ஓர் அடி விழுந்தது.

அந்த வாரமே அவர் வீட்டிலிருந்து ஒரு சீப்பு மலைவாழைப்பழம் வந்தது. நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அந்த வீட்டில்தான் இருந்தோம். அம்மா மட்டும் விசேஷங்களுக்கு வேறு சேலை தேட வேண்டியதாயிற்று.

சில மாதம் கழித்து அடுத்த தெருவில் குடியிருந்த ஓர் அக்கா காலிக் குடத்தோடு அம்மாவைத் தேடி வந்தாள். அவளுக்கும் தண்ணீரை நிறுத்திவிட்டார்களாம். என்ன செய்வது என்று கேட்டாள்.

"மனு குடுங்க அம்மிணி," என்றாள் அம்மா. "அது வரைக்கும் தெனமும் கடைவீதி வழியாவே கொடத்தத் தூக்கிட்டுப் போங்க."

எனக்கு அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. இத்தனை நாளாகியும் அவளுக்கு வழி மனதில் நிற்கவில்லையே. அக்கா வாசலைத் தாண்டியதும் பின்னாலேயே ஓடி, காப்பித் தோட்டத்து ஓரத்தில் அவளை நிறுத்தி, ஒருவர் கண்ணிலும் படாமல் போகிற என் குறுக்கு வழியை ரகசியமாகக் காட்டினேன்.

அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள். பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கடைவீதிப் பக்கமாகவே நடந்தாள்.