பெரிய பெட்டியில் போன மருந்து

கப்பலில் ஏறும் முன்பே பெட்டியை நம் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தச் சாயங்காலம் எனக்கு அப்படி வேர்த்துக் கொட்டியிருக்காது. முதல் தடவையாக உல்லாசக் கப்பலில் போகிறவர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், கேட்காவிட்டாலும்கூட, இதைத்தான் முதலில் சொல்கிறேன்: மருந்தைப் பெட்டியில் வைக்காதீர்கள், கைப்பையில் வையுங்கள். எந்த உடுப்பு எடுத்துப்போவது, கடைசி நாள் படம் எங்கே நின்று எடுப்பது எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

சென்னைத் துறைமுகத்தில் நாங்கள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தோம். நான், என் மனைவி, எங்கள் மகளுடைய மாமனார், மாமியார். எங்கள் வீடு கடலூரை ஒட்டிய குடிகாட்டில். சம்பந்தி வீடு சிதம்பரத்தில். மகள் அவர்களோடுதான் இருக்கிறாள். அப்போது முழுகாமல் இருந்தாள், ஐந்தாம் மாதம். கடலுக்குள் போய்ச் சுற்றிவிட்டு மூன்றாம் நாள் அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பல் அது. "கொழந்த பொறந்துட்டா உங்க நாலு பேராலயும் நகர முடியாது, இப்பவே போய்ட்டு வந்துடுங்க" என்று மாப்பிள்ளைதான் பதிவு செய்து அனுப்பினார். எனக்கு அந்த நல்லெண்ணத்தின் மேலேயே சந்தேகம் இருந்தது. எனக்கு எதன்மேல்தான் சந்தேகம் இல்லை?

வாசலிலேயே ஒரு பையன் எங்கள் பெரிய பெட்டியில் ஒரு சீட்டைக் கட்டினான். ஓடும் பட்டையில் தூக்கி வைத்தான். ரப்பர் திரைக்குப் பின்னால் பெட்டி மறைந்தது. "ரூமுக்கே வந்துடும் சார், நீங்க போங்க" என்றான். என் மனைவி என் முழங்கைச் சதையைக் கிள்ளிப் பிடித்தாள்.

"ஃபிளாஸ்க் அதுக்குள்ளதாங்க இருக்குது."

அந்த ஃபிளாஸ்க்கில் ஐஸ் கட்டிக்கு நடுவே அவளுடைய இன்சுலின் பேனா இருந்தது. காலையில் ஒரு தடவை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை. பல வருஷமாக அவளுக்கு இது சோறு தண்ணீர் மாதிரி. ஆனால் இது சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொல்லக் கூடாது என்று முடிவு செய்தவள் அவள்தான். சர்க்கரை என்று தெரிந்தால் பரம்பரை என்பார்கள், நாளைக்குப் பெண்ணுக்கு ஒரு தலைசுற்றல் வந்தாலும் அம்மா வீட்டுச் சீதனம் என்பார்கள் என்று பயந்தாள். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. நகை எவ்வளவு என்று ஊருக்கே தெரியும். என்ன வியாதி என்று வீட்டுக்குள்கூட மெதுவாகத்தான் பேசிக்கொள்வோம். சம்பந்தி வீட்டார் முன்னால் இனிப்பு வந்தால் அவள் கூச்சமில்லாமல் எடுத்துச் சாப்பிடுவாள். தனக்கு ஒன்றும் இல்லை என்பதற்கு அவள் வைத்திருந்த சாட்சி அதுதான்.

மருந்தைக் கைப்பையில் வைக்காததற்கும் இந்த மறைப்புதான் காரணம். சிதம்பரத்திலிருந்து அவர்கள் வண்டியில் வந்து, வழியில் எங்களை ஏற்றிக்கொண்டார்கள். பெண்கள் இருவரும் பின்சீட்டில். தலைவலித் தைலம் கொடுங்கள், ஊக்கு இருக்கிறதா என்று சம்பந்தியம்மா கேட்பார், பையைத் திறக்க வேண்டிவரும். ஆகவே மருந்து பெரிய பெட்டிக்குப் போனது.

நானோ எங்கள் ஊரை ஒட்டிய சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எது வெடிக்கும், எது கசியும் என்று யோசிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவன். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வானிலை அறிக்கை பார்த்தேன். கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறதா என்று தினமும் விசாரித்தேன். பரங்கிப்பேட்டையில் எனக்கு ஒரு சிநேகிதர், சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். "நெனச்ச நேரத்துக்கு வெந்நி கெடைக்காது மச்சான், ஒரு கெட்டில் எடுத்துக்க" என்று அவர் சொன்னார். கரண்டில் காய்ச்சும் கெட்டில் ஒன்றைப் பெட்டியின் அடியில் துண்டு சுற்றி வைத்தேன். இவ்வளவும் யோசித்தவன், பெட்டியை நம்மிடமிருந்து பிரிப்பார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

கப்பல் என்று சொல்கிறார்களே தவிர, உள்ளே போனால் பெரிய ஜவுளிக்கடை மாதிரி லிஃப்டும் விளக்கும் கம்பளமுமாக இருந்தது. சம்பந்திக்கு ஒரே குஷி. எங்கள் அறைக்குப் போய்ப் பார்த்தேன். கட்டில் இருந்தது, வட்டக் கண்ணாடி ஜன்னல் இருந்தது, பெட்டி இல்லை. அறையைப் பார்த்துக்கொள்ளும் பணியாளிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். வந்துவிடும் என்று சிரித்தான். அந்தக் கப்பலில் எல்லாரும் சிரித்தார்கள். பதற்றத்தில் இருப்பவனைப் பார்த்து அப்படிச் சிரிக்கக் கூடாது.

மதியச் சாப்பாட்டில் மேசை மேசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள். சம்பந்தி ஒரு கிண்ணம் குலாப் ஜாமூனைக் கொண்டுவந்து என் மனைவியின் முன்னால் வைத்தார். "எடுத்துக்கங்க, ஒங்களுக்குப் புடிக்குமே." சம்பந்தியம்மா, "விடுங்க, அவுங்களுக்கு வாணுன்னா எடுத்துக்கப் போறாங்க" என்றார். என் மனைவியோ விடவில்லை. இரண்டையும் சாப்பிட்டாள். நான் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். அவள் திருப்பி மிதித்தாள்.

சாப்பிட்டு வந்தும் பெட்டி வரவில்லை. அப்போதுதான் சங்கு ஊதியது. விட்டுவிட்டுச் சின்னச் சின்னதாக, கடைசியில் ஒன்று நீளமாக. கப்பல் கிளம்பும் முன் எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டி, ஆபத்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று காட்டுவார்களாம், ஒத்திகை. அறிவிப்பு செய்தார்களோ என்னவோ, எங்கள் காதில் விழவில்லை. குடிகாட்டுக்காரர்களுக்குச் சங்கு என்றால் ஒரே அர்த்தம்தான். ஏதோ கசிகிறது. நான் குளியலறைக்கு ஓடித் துண்டை நனைத்தேன். அவள் அதற்குள் முந்தானையை நனைத்து மூக்கில் வைத்திருந்தாள். இருவரும் நடைபாதை வழியாக வெளித்தளத்துக்கு ஓடினோம். அங்கே ஒரு கொடி பறந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கணக்குப் போட்டு, அதற்குக் குறுக்காக அவளை இழுத்துக்கொண்டு போனேன். ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர் எங்களைத் தடுத்து, எல்லாரும் நின்றுகொண்டிருந்த கூடத்துக்கு அழைத்துப் போனார். நனைந்த துணியோடு மூக்கைப் பொத்தியபடி உள்ளே நுழைந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

"சம்பந்தி, இது கப்பலு. கேஸ் லீக்கு இல்ல" என்று சம்பந்தி வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. "நெசமாவே சங்கு ஊதுனா, பெட்டிய எடுத்துட்டுப் போவ விடுவாங்களா?" என்று என் காதில் கேட்டாள்.

கப்பல் கிளம்பியது. கரை மெல்லப் பின்வாங்கியது, கட்டடங்கள் சின்னதாகின. மற்றவர்கள் கை அசைத்தார்கள், படம் எடுத்தார்கள். நான் ஒவ்வொரு அறை வாசலாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எல்லா வாசலிலும் பெட்டிகள் வந்து நின்றிருந்தன. எதிர் வரிசையில் சம்பந்தியின் பெட்டியும் வந்துவிட்டது. எங்கள் வாசல் மட்டும் காலியாக இருந்தது. பொழுது சாயச் சாய என் மனைவிக்குத் தாகம் எடுத்தது. ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு இன்னொன்றைத் திறந்தாள். தலை லேசாகச் சுற்றுகிறது என்றாள். அது கப்பல் ஆடுவதால்கூட இருக்கலாம், சர்க்கரையாலும் இருக்கலாம். எது என்று தெரியாததுதான் என்னை வாட்டியது.

வரவேற்பு மேசையில் நீளமான வரிசை. என் முறை வந்தபோது அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்து வேகமாக ஏதோ சொன்னாள். அதில் "செக்யூரிட்டி" என்ற சொல் மட்டும் என் மண்டையில் ஏறியது. பெட்டியைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மருந்துக்காகவா? ஊசிக்காகவா? அதைக் கேட்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. பக்கத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

அறைக்குத் திரும்பும்போது சம்பந்தி தம்பதி புது உடுப்பில் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கிளம்பி எங்கள் வாசலில் நின்றிருந்தார்கள். உள்ளே என் மனைவி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் உதடு காய்ந்திருந்தது. இதற்குமேல் என்ன மரியாதை, என்ன சம்பந்தம் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"சம்பந்தி, இவளுக்கு சுகர் இருக்குது. ரொம்ப வருஷமா. இன்சுலின் போடணும். மருந்து பெட்டியில இருக்குது, பெட்டிய கீழ புடிச்சு வச்சிருக்காங்க. கல்யாணத்தப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல."

என் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். சம்பந்தி என்னைப் பார்க்கவில்லை, தன் மனைவியைப் பார்த்தார். சம்பந்தியம்மா, "தெரியும்" என்றார். அவ்வளவுதான். "நீங்க ரெண்டு பேரும் போயி பெட்டிய வாங்கியாங்க. நான் அண்ணிகூட இருக்கேன்." எப்படித் தெரியும் என்று கேட்க அப்போது எனக்கு நேரமில்லை.

சம்பந்தி வடக்கே ரயில்வேயில் இருந்தவர், இந்தி பேசுவார். பணியாளர்களைக் கேட்டுக் கேட்டுக் கீழ்த்தளத்தில் ஓர் அறையைக் கண்டுபிடித்தோம். அங்கே பிடிபட்ட பெட்டிகள் வரிசையாக நின்றன. எங்களுடையதைத் திறக்கச் சொன்னார்கள். காவலர் மருந்தைத் தேடவில்லை. துண்டை உருவி என் கெட்டிலை வெளியே எடுத்தார். சூடாகும் சாமான் எதுவும் அறைக்குப் போகக் கூடாதாம்; தீப்பிடிக்கும் என்று. இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தானாம். தீ எங்கே பிடிக்கும் என்று பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்த நான், கெட்டிலைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஃபிளாஸ்க்கைத் திறந்து பார்த்தேன். ஐஸ் கரைந்திருந்தது, தண்ணீர் இன்னும் சில்லென்றுதான் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அறைக்கு ஓடிவந்தேன். சம்பந்தி நாகரிகமாக வெளியே நின்றுகொண்டார். என் மனைவி பேனாவை வாங்கினாள். ஊசியைத் திருகி மாட்ட முடியாமல் இரண்டு தடவை தவறவிட்டாள். எனக்கோ ஊசி என்றாலே ஆகாது.

"இப்புடிக் குடுங்க அண்ணி" என்று சம்பந்தியம்மா வாங்கினார். ஊசியை மாட்டினார். கொஞ்சம் திருகி, மேல்நோக்கிப் பிடித்து அழுத்தி, முனையில் ஒரு சொட்டு வருகிறதா என்று பார்த்தார். "எத்தினி யூனிட்டு?" என்று கேட்டு அளவை வைத்தார். என் மனைவியின் வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்து நேராகக் குத்தினார். உடனே உருவாமல் பத்து எண்ணும்வரை அப்படியே பிடித்திருந்து, அப்புறம் எடுத்தார். ஒரு துளி மருந்துகூட வெளியே வரவில்லை.

என் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்களுக்கும் இருக்குதா அண்ணி?"

"எனக்கு இல்ல." ஊசியைக் கழற்றி மூடிபோட்டுவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. இனிமே எப்புடி மறைக்கிறது? ஒங்க பொண்ணுக்குத்தான். ரெண்டு மாசமா போடுறோம். ஆரம்பத்துல நான்தான் போட்டேன், இப்ப அவளே போட்டுக்கிறா. புள்ள நல்லா இருக்குது. பெத்ததும் போயிடும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

"என்னாலதான் வந்துச்சு" என்றாள் என் மனைவி.

"பாருங்க, இதச் சொல்லுவீங்கன்னுதான் அவ சொல்லல."

பிறகு என் மனைவி திடுக்கிட்டவளாக, "போன ஞாயித்துக்கெழம பூசை முடிச்சிட்டு அதிரசம் சுட்டுக் கொண்டாந்தேனே. என் எதிர்லயே ரெண்டு தின்னாளே" என்றாள்.

"வாயில வச்சிக்கிட்டே தோட்டத்துப் பக்கம் போவா. துப்பிட்டு வந்து ஒங்களப் பாத்து சிரிப்பா. மிச்சத்த என் பையன் தின்னுடுவான்."

என் மனைவி கைப்பையைக் கவிழ்த்துப் போனைத் தேடி எடுத்தாள். மகளுக்கு அடித்தாள். போகவில்லை. மறுபடியும் அடித்தாள். கரை மறைந்தபின் நம் சிம் கார்டு வேலை செய்யாது என்பதையும் முதல் தடவை போகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கப்பலில் காசு கட்டினால் இன்டர்நெட் கிடைக்கும் என்றார் சம்பந்தி, வாசலில் நின்றபடியே. அதற்குள் அவள் போனைக் கீழே வைத்துவிட்டாள். "வாணாம். குரலக் கேட்டா அழுதுடுவேன். அவ பயந்துடுவா." ஜன்னலுக்கு வெளியே கறுப்பாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கப்பல் மூழ்குமோ என்று ஒரு வாரம் பயந்தவன் நான். இப்போது அது எப்போது திரும்பும் என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை இல்லை.

"மொத ஊசி போட்டப்ப அழுதாளா அண்ணி?" என்று என் மனைவி கேட்டாள்.

"அழுதா. வலிக்குதாம்மான்னு கேட்டேன். வலிக்கல அத்த, எங்கம்மா இத்தினி வருஷமா கதவ சாத்திக்கிட்டு இதத் தனியா போட்டுக்கிறாங்க அத்தன்னு சொல்லி அழுதா."

ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதை விட்டுவிட்டு அவள் செருப்பை எடுத்துக் காலடியில் வைத்தேன்.