தழும்புக்குள் வளர்ந்தது

முதலில் கொப்புளம் என்றுதான் நினைத்தோம். என் கணவர் ராஜமாணிக்கத்தின் இடது கெண்டைக்காலில், பழைய தீத்தழும்பின் நடுவில் அது கசிந்துகொண்டிருந்தது. பூட்ஸ் உரசியிருக்கும் என்றார்.

அந்தத் தழும்பு எண்பத்து மூன்று ஆடியில், இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் வந்தது. மாத்தளை நகரில் அவர் வேலை பார்த்த கடைக்குத் தீ வைத்தார்கள். பின்கதவால் ஓடியபோது, எரிகிற சாக்கு ஒன்று காலில் சுற்றிக்கொண்டது. அதன் பிறகு அவர் டவுனில் வேலை தேடவில்லை. எல்கடுவப் பக்கம் ஒரு மலைத்தோட்டத்தில் தேயிலை நர்சரியைப் பார்த்துக்கொண்டார். நான் அங்கே பாடசாலை ஆசிரியை.

இருபது வருடம் கழித்து வந்த இந்தப் புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. ஓரம் தடித்து வெளியே பிதுங்கியது. கண்டி ஆஸ்பத்திரியில் பயாப்ஸி (புண்ணில் சிறு துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) செய்தார்கள். தோல் புற்றுநோய்.

டாக்டர் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். எப்போது பெருகுவது, எப்போது நிற்பது, என்னவாக மாறுவது என்று ஒவ்வொரு உயிரணுவுக்கும் சொல்பவை மரபணுக்கள் (அணுவுக்குள் இருக்கும் கட்டளைகள்). தழும்பு வெடிப்பதும் ஆறுவதுமாகவே இருந்திருக்கிறது. அத்தனை முறை பெருகியதில், எங்கோ ஓர் அணுவில் ‘நில்’ என்ற கட்டளை கெட்டுவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும்.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம்.

“நர்சரியில எலைத்துண்ட நட்டா, வெட்டுன எடத்துல மொதல்ல கட்டி மாதிரி வரும். அப்புறம்தான் வேரு. சிலதுல வேரே வராது, கட்டி மட்டும் பெருத்துக்கிட்டே போகும். அந்த மாதிரியா, புள்ள?”

“அந்த மாதிரிதாங்க.” யோசிக்காமல் கேட்டுவிட்டேன்: “அந்தக் கன்ன என்ன செய்வீங்க?”

“புடுங்கிப் போட்டுருவேன்.”

கட்டுப் போட்டிருந்த காலை மெல்ல நீட்டிப் பார்த்தார். பிறகு, “ஒத்தக் கால வச்சுக்கிட்டு மலையில என்ன செய்ய?” என்றார்.

“ஒண்ணும் செய்ய வேணாம். இருங்க, போதும்.”

காலை எடுத்தார்கள். ஆனால் இல்லாத அந்தக் கால் அவருக்கு எரிந்தது. “சுடுது, புள்ள” என்று துடிப்பார். வெட்டிய கால் வலிப்பது உண்மைதான், மூளை அதை இன்னும் மறக்கவில்லை என்றார் டாக்டர். வெறும் படுக்கை விரிப்பின் மேல், கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஈரத்துணி போடுவேன். சில நாள் அவர் கண்ணயர்ந்தார்.

நோய் தொடை இடுக்கின் நிணநீர்க் கணுக்களுக்கு (கிருமிகளைத் தடுக்கும் சிறு முடிச்சுகள்) முன்பே ஏறியிருந்தது. அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது தீத்தழும்பில் புண் வந்து சில வாரங்களில் ஆறாவிட்டால், எண்ணெய் பூசிக் காத்திருக்காதீர்கள்.

வகுப்பில் இன்றும் தோலைப் பற்றிப் படிப்பிக்கிறேன். அடியில் பிறக்கும் அணுக்கள் மேலே ஏறி, கடினமாகி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடும். அவரைத் துடைத்துவிட்ட என் கைகளின் தோல் எப்போதோ உதிர்ந்துவிட்டது. பிறகு எத்தனையோ தோல் வந்து போயிற்று. இப்போது இருப்பதற்கு அவரைத் தெரியாது.