பல் முளைத்த அன்செல்மோ

என் அண்ணி காந்தெலாரியா எலும்பு துடைக்க உட்காரும்போது முதல் காரியமாகச் செருப்பைக் கழற்றி விடுவாள். பாவாடையை முழங்காலுக்கு அடியில் செருகிக்கொள்வாள். பழைய பெயிண்ட் பிரஷ், உள்பாவாடையைக் கிழித்த துணி இவற்றோடு சண்டைக்கு ஒரு விஷயத்தையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருப்பாள். அன்செல்மோ என் அண்ணன். உயிரோடு இருந்தபோது அவன் அண்ணியின் பேச்சுக்குப் பாதியில் படகை எடுத்துக்கொண்டு போய்விடுவான். இப்போது பெட்டிக்குள் இருப்பதால் முழுதும் கேட்டாக வேண்டும்.

எங்கள் காயலோர ஊரான சாந்தா ரீத்தாவில் அக்டோபர் கடைசி என்றால் எல்லா வீட்டிலும் இதே வேலைதான். கல்லறைத் தோட்டத்து மாடத்திலிருந்து மரப்பெட்டியை இறக்கி, எலும்புகளை ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, புதிதாகப் பூவேலை செய்த துணியை விரித்து மறுபடி அடுக்கி, மண்டை ஓட்டை மேலே வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்தபடி விட்டுவிடுவோம். நவம்பர் பிறந்ததும் சாப்பிட வீட்டுக்கு வருகிறவர்கள், அழுக்கோடு வரலாமா? துடைத்த கை யாருடையதோ அந்தக் கை சமைத்த சாப்பாட்டுக்குத்தான் வருவார்கள் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அதனால் ஒரு வீட்டுப் பெட்டியை இன்னொரு வீட்டார் தொடுவதில்லை.

முன்பெல்லாம் எங்கள் ஊருக்கு டூரிஸ்ட் வந்தது பூநாரைகளுக்காக. அலையாத்திக் காட்டுக்குள் படகை விட்டு, தண்ணீர் அகலமாகிற இடத்தில் மோட்டாரை அணைத்தால் மொத்தக் காயலும் ரோஜா நிறத்தில் நிற்கும். அதைக் காட்டுவதுதான் அன்செல்மோவின் பிழைப்பு. பறவைகள் வராத நாட்களில் வெள்ளைக் கொக்குகளைக் காட்டி, "இதுங்க இன்னும் இறால் சாப்பிடலை, சாப்பிட்டா சிவந்துடும்" என்பான். ஒரு தடவை பின்னால் திரும்பிப் பறவையைக் காட்டிக்கொண்டே மோட்டார் கயிற்றை இழுத்தவன் வாயில் கைப்பிடி வந்து மோதியது. முன்பல் மூன்று போயின. அதற்கும் அவன் ஒரு உபயோகம் கண்டுபிடித்தான். அந்த இடைவெளி வழியாக விசில் அடித்து, பூநாரைகள் தன் விசிலுக்குத்தான் வருகின்றன என்று டூரிஸ்ட்டுகளை நம்பவைத்தான். பறவைகள் எப்படியும் வரத்தான் போகின்றன, அது வேறு.

அந்தப் படகுக்கு முதலில் எர்லிந்தா என்று பெயர். எர்லிந்தாவோடுதான் அவன் இரண்டு திருவிழாக்களில் ஆடினான். கல்யாணம் நடக்கும் என்று எங்கள் அம்மாகூட ஒரு பன்றியைக் கொழுக்கவைத்தாள். அந்தச் சமயத்தில் காந்தெலாரியா கடற்கரையில் மீன் வாங்க வந்து, "பேரு மட்டும் அழகா எழுதியிருக்கு, படகு மீன் நாத்தம் அடிக்குதே" என்றாள். அன்செல்மோ அன்றைக்கே படகைக் கழுவினான். அடுத்த வாரமும் கழுவினான். பன்றியை வேறு மணப்பெண்ணுக்காக அடித்தோம். எர்லிந்தா காஸ்பாரைக் கட்டிக்கொண்டாள். காஸ்பார் கடைசிவரை சோடா பாட்டிலைப் பல்லாலேயே திறந்தவன். வாய் நிறையப் பல், அதற்கு மேலும் கோபம்.

கல்யாணமான கையோடு அண்ணி படகின் பெயரை மாற்றி எழுதவைத்தாள். ஆனால் உப்புக் காற்றில் பெயிண்ட் நிற்குமா? மழைக்காலம் முடிந்ததும் புதுப்பெயர் உதிர்ந்து பழைய பெயர் எட்டிப் பார்க்கும். வருஷாவருஷம் அண்ணியே பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய் அதன்மேல் தன் பெயரை எழுதிவிட்டு வருவாள். "மரத்தைச் சுரண்டிட்டு எழுது அண்ணி" என்று நான் சொன்னால், "சுரண்டினா படகு ஓட்டையாயிடும்" என்பாள். எலும்பு துடைக்கிற பிரஷ் அதுவேதான்.

சின்னப் பெண்களாக இருந்தபோது அண்ணியும் எர்லிந்தாவும் ஒருவர் சடையை ஒருவர் பின்னிவிட்டவர்கள். கல்யாணங்களுக்குப் பிறகு ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். புருஷன்மார் இருவரும் போன பிறகு அவர்கள் பெட்டிகள் அடுத்தடுத்த மாடங்களில் அமைந்தன. அது யார் செய்த ஏற்பாடும் இல்லை. இடம் அங்கேதான் காலியாக இருந்தது.

இப்போது டூரிஸ்ட்டுகள் எங்கள் எலும்புகளுக்காகவும் வருகிறார்கள். காலையில் பூநாரை, மதியம் பொரித்த மீன், பிற்பகல் நாங்கள். ஏற்பாடு அண்ணியின் மகன் வில்பெர்த்துடையது. ஆரம்பத்தில் அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "ஊர் பார்க்கப் புருஷனைக் குளிப்பாட்டணுமா?" என்று கத்தினாள். அப்புறம், தான் பேசுவதைப் பத்துப் பதினைந்து பேர் தலையாட்டிக் கேட்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பாஷை புரியாததால் அவர்கள் மறுத்துப் பேசுவதுமில்லை.

இந்த வருஷம் டூரிஸ்ட்டுகளுக்காகக் கல்லறைத் தோட்டத்துக்கே மஞ்சளும் நீலமுமாகப் பெயிண்ட் அடித்தார்கள். அதற்காகப் பெட்டிகளை இறக்கி வைத்தார்கள். துணிகளில் கறை படக்கூடாதென்று அவற்றைத் தனியே எடுத்து மடித்து வைத்தார்கள். பெயர் தைத்த துணி சரியாக அதனதன் மாடத்துக்குத் திரும்பியது. பெட்டியில் பெயர் கிடையாது. எல்லாம் ஒரே தச்சன் செய்தவை.

செத்துப்போன பெரியவர்கள் சாப்பிட வருகிற நாளுக்கு முந்தின பிற்பகல். ஒரு பிரெஞ்சுக் கூட்டம் தொப்பியும் கேமராவுமாகச் சுற்றி நின்றது. வில்பெர்த் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணி புதுத் துணியை மடியில் வைத்துக்கொண்டாள். மகன் கேட்டான் என்று அதில் பூநாரைகள் தைத்திருந்தாள். "உங்கப்பா வாழ்நாளெல்லாம் பார்த்ததை மறுபடி பார்க்கணுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே மூடியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே இருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன்.

மண்டை ஓடு சிரித்துக்கொண்டிருந்தது. எல்லா மண்டை ஓடும் சிரிக்கும்தான். இது வாய் நிறையச் சிரித்தது.

"இஸ்மா," என்று என்னைக் கூப்பிட்டாள். "உங்கண்ணனுக்கு எப்ப பல் முளைச்சது?"

நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண வேண்டியதே இல்லை. சோடா பாட்டில் நினைவு வந்தது.

"அய்யோ அண்ணி, இது காஸ்பார்."

வில்பெர்த் குனிந்தான். "என்னம்மா?"

"உங்கப்பாவைக் காணோம்டா."

"மெதுவா பேசும்மா. இவங்க இதுக்காகத்தான் அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க. துடை."

"அடுத்த வீட்டு ஆம்பளையை நான் துடைக்கணுமா?"

"நிறுத்தினா என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. நான் என்னத்தைச் சொல்றது? அப்பா தொலைஞ்சுட்டாருன்னா?"

அண்ணி மகன் முகத்தைப் பார்த்தாள். பிறகு காஸ்பாரின் முகத்தைப் பார்த்தாள். பிரஷ்ஷை எடுத்தாள்.

"சரி, காஸ்பார். இவன் மானத்துக்காக உக்காந்திருக்கேன். உனக்காக இல்லை." நெற்றியில் தூசி தட்டினாள். "எங்க வலையை அறுத்தது யாருன்னு தெரியாதுன்னு மாதா முன்னாடி சத்தியம் பண்ணினே. ஞாபகம் இருக்கா? இப்ப சொல்லு. ம்? பல்லைக் காட்டாதே." கன்ன எலும்பை அழுத்தித் தேய்த்தாள். "என் வீட்டுக் கோழியை உன் நாய் தூக்கிட்டுப் போனப்ப, கோழிக்குத்தான் புத்தி இல்லைன்னியே..."

தொப்பி போட்ட ஒரு அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வில்பெர்த்திடம் ஏதோ கேட்டாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ பதில் சொன்னான்.

"என்ன கேக்கறா?" என்றாள் அண்ணி.

"இவ்வளவு அன்பா என்ன பேசறீங்கன்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"சின்ன வயசுக் கதைன்னு சொன்னேன்."

அண்ணி கால் எலும்புவரை ஒன்று விடாமல் துடைத்தாள். பாதியில் விட்டால் அதுவும் பாவம். கூட்டம் கையசைத்துவிட்டுப் பேருந்துக்குப் போனது. அதன் பிறகுதான் அவளுக்கு விஷயம் முழுதும் உறைத்தது. பிரஷ்ஷைக் கீழே போட்டாள்.

"இஸ்மா, நான் இவனைத் துடைச்சுட்டேனே! நாளைக்கு சாயங்காலம் இவன் என் வீட்டுக்குச் சாப்பிட வந்து உக்காருவானா?"

"அப்ப என் அண்ணன் எங்க?"

பக்கத்து மாடத்தைப் பார்த்தோம். எர்லிந்தா முந்தின வாரமே தன் பெட்டியைத் துடைத்து முடித்திருந்தாள். மூடி கொஞ்சம் திறந்திருந்தது. கையால் தொடாமல், கழுத்தை மட்டும் நீட்டி உள்ளே பார்த்தோம். முன்பல் மூன்று இல்லாமல், விசில் அடிக்கப்போகிறவன் மாதிரி அன்செல்மோ இருந்தான். சுற்றிலும் எர்லிந்தாவின் புதுத் துணி, நீலப் பூக்கள், பின்பக்கமும் முடிச்சுத் தெரியாத தையல். எலும்பு அப்படி ஒரு வெள்ளை.

"நான் ஒரு தரம்கூட இவ்வளவு வெள்ளையா ஆக்கினதில்லை," என்றாள் அண்ணி. அதை என்னிடம் சொல்லவில்லை.

அன்செல்மோ நாளை எந்த வீட்டில் சாப்பிடுவது என்பதுதான் இப்போது கேள்வி. அண்ணி பதினைந்து முட்டை, இரண்டு கோழி, சோள மாவு எல்லாம் தயாராக வைத்திருந்தாள். பெட்டியை மாற்றி, அவரவர் ஆளை அவரவர் கையால் மறுபடி துடைத்தால் சரியாகிவிடும். ஆனால் எர்லிந்தா சம்மதிக்காமல் அவள் மாடத்தில் கை வைக்க முடியாது.

நாங்கள் போனபோது எர்லிந்தா தன் வீட்டுச் சமையலறையில் இருந்தாள். சோள மாவுக்குள் கோழியை வைத்து வாழையிலையில் கட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் பிபிபோயோ என்கிற, மண்குழியில் புதைத்துச் சுடும் அந்தப் பண்டம். கொல்லையில் குழி புகைந்துகொண்டிருந்தது. கைகளில் முழங்கைவரை சிவப்பு மசாலா.

"வாங்க காந்தெலாரியா. உக்காருங்க."

"உக்கார வரலை. உங்க பெட்டியில என் வீட்டுக்காரர் இருக்காரு."

எர்லிந்தா இலையின் முனையை மடித்தாள். "அப்படியா?"

"காஸ்பாருக்கு மூணு பல் குறைஞ்சிருந்ததை நீங்க பார்க்கலையாக்கும்?"

"செத்தா பல் விழும்."

"மூணும் முன்னாடியா விழும்?"

"முன்னாடி இருக்கறதுதானே முன்னாடி விழும்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணி என்னை முறைத்தாள்.

"எர்லிந்தா, உனக்கு ஊசிக் காதே தெரியுது. பல் தெரியலையா? நீ வேணும்னுதான் விட்டே!"

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு 'நீ' வந்திருந்தது. அதை எர்லிந்தாவும் கவனித்தாள். கட்டிய பொட்டலத்தை ஓரமாக வைத்தாள்.

"மூடியைத் திறந்ததும் தெரிஞ்சுது," என்றாள். "மூடிடலாம்னுதான் பார்த்தேன். பெயிண்ட் பொடி எல்லாம் அவர் மேல உதிர்ந்து கிடந்தது. யாராவது தட்டணுமே."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிட்டிருக்கலாம்."

"ஒரு வாரமா வாயைத் திறக்காம இருந்தே. நாளைக்கு இவரு இங்க வந்து சாப்பிடட்டும்னு."

"ஒரு தரம் தானேடி. என் சமையலை அவர் ஒரு தரம்கூடச் சாப்பிட்டதில்லை. உன்கிட்ட எத்தனை வருஷம் சாப்பிட்டாரு?"

"சாப்பிட்டாரா? குறை சொன்னாரு! உப்பு, காரம், எல்லாத்துக்கும்!"

"என்கிட்ட குறை சொல்லவாவது வந்திருக்கலாம்."

 அண்ணி அடுப்பு மேடையில் இருந்த சோள உருண்டை ஒன்றை எடுத்துப் பிசைந்தாள். அது எர்லிந்தாவின் மாவு என்பது ஞாபகம் வந்து திரும்ப வைத்தாள்.

"காஸ்பார் எங்க?" என்றாள் எர்லிந்தா.

"என் மாடத்துல. துடைச்சிருக்கேன். நல்லா துடைச்சிருக்கேன். கூட்டத்துல ஒருத்தி அழவே அழுதா."

"காஸ்பாருக்கா?" எர்லிந்தா முதல் தடவையாகச் சிரித்தாள். "நான்கூட அழுதது இல்லை."

"நாளைக்கு அவன் என் வீட்டுக்கு வந்தா என் தட்டெல்லாம் உடையும். வந்து அவனைக் கூட்டிட்டுப் போ. என் வீட்டுக்காரரை விடு."

எர்லிந்தா கையைத் துணியில் துடைத்தாள். மசாலாச் சிவப்பு போகவில்லை. ஜன்னல் விளிம்பிலிருந்து ஒரு சின்னப் பல் பிரஷ்ஷை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"மாடம் திறந்துதான் கிடக்கு. நீ போய் எடுத்துக்கோ, நான் சொன்னேன்னு எடுத்துக்கோ. குழி மூடினதும் நான் வந்து காஸ்பாரைப் பார்த்துக்கறேன். இதையும் கொண்டு போ. அந்தப் பெரிய பிரஷ் விழுந்த பல்லோட இடுக்குக்குள்ள போகாது. அங்கதான் தூசி அடையுது."

அண்ணி பிரஷ்ஷைப் பார்த்தாள். எடுக்காமலேயே வாசல்வரை போனாள். திரும்பி வந்து எடுத்துக்கொண்டாள்.

"காந்தே," என்றாள் எர்லிந்தா. கைகள் அடுத்த இலையை விரித்துக்கொண்டிருந்தன. "இத்தனை வருஷத்துல வீட்டுல எப்பவாவது என் பேரைச் சொல்லியிருக்காரா?"

அண்ணி பல் பிரஷ்ஷைப் பாவாடையின் இடுப்பில் செருகினாள். என் தோளைத் தட்டி, வா என்பதுபோல் தலையசைத்தாள். வாசல் திரையை விலக்கி வெளியே போனாள்.