வெள்ளைத் துணிக்கு மேலே

தகுவாராமி ஊர் முக்கில் பச்சிலை இடித்து விற்கும் தெயோலிந்தா வேராவுக்கு ஆட்களை நிறுத்தி வைக்கத் தெரியும். காலையில் பஸ்ஸுக்கு வருகிறவர்கள் ஐஸ் தண்ணீர் குடுவையும், தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீரைக் குடிக்கும் மாட்டுக்கொம்புக் குவளையுமாக அவள் முன்னால் வந்து நிற்பார்கள். புதினாவும் வேர்களும் உரலில் நசுங்கி முடியும்வரை அவர்கள் எங்கேயும் போக முடியாது. அந்த இடைவெளி அவளுக்குப் போதும். பள்ளிக்கூடக் கூரையில் ஆரம்பித்து, மாவட்ட அதிகாரி போன வருடம் கொடுத்த வாக்கில் முடித்து, கையெழுத்தும் வாங்கிவிடுவாள்.

"வயித்து வலிக்கு மருந்து கேட்டா மனுவ நீட்டுறா இவ" என்பாள் பக்கத்தில் இறைச்சிக்கடை போட்டிருக்கும் சபினா. "ரெண்டுமே கசக்குது."

ஆறாம் வகுப்பு அறையின் உத்தரங்களைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உதிரும். தலைமையாசிரியர் வில்பிரிதோ அறையைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளை வெளியே மாமரத்தடிக்குக் கொண்டுவந்தார். கரும்பலகையை மரத்தில் சாய்த்து வைத்துப் பாடம் நடந்தது. மழை பெய்தால் விடுமுறை. வருடக் கடைசியில் காய் உதிரும் நாட்களில் பிள்ளைகள் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள்.

கூரை இடிவதைவிடப் பெரிய பயம் ஒன்று தெயோலிந்தாவுக்கு இருந்தது. பாதுகாப்பான அறை இல்லாத பள்ளிக்கு ஏழாம் வகுப்பு கிடையாது என்று மாவட்ட அலுவலகம் சொல்லிவிட்டது. அவளுடைய ஒரே மகள் நிமியா அப்போது ஆறாம் வகுப்பில் இருந்தாள். ஏழாவது இருக்கும் அடுத்த பள்ளிக்கு இரண்டு ஓடைகளைத் தாண்ட வேண்டும். மழைக்காலத்தில் செம்மண் பாதையில் மாட்டு வண்டியே புதையும். பையன்கள் யாருடைய மோட்டார் சைக்கிளிலாவது தொற்றிக்கொண்டு போனார்கள். பெண்பிள்ளைகளைத் தலைநகரத்தில் ஏதாவது ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டு வேலை செய்துகொண்டு படிப்பாள் என்பது பேச்சு.

அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று தெயோலிந்தாவுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளையும் தலைநகரமான அசுன்சியோனில் ஒரு மாடி வீட்டுக்கு அனுப்பினார்கள். பாத்திரம் கழுவி முடிந்த நாட்களில் பள்ளிக்குப் போனாள். பாத்திரம் முடிவதே இல்லை. நாலாவதோடு படிப்பு நின்றது. அந்த வீடு அவளுக்கு வேறு பாடங்களைச் சொல்லிக்கொடுத்தது. மணி அடித்தால் முதலில் சுவரின் விரிசலுக்கு மேல் காலண்டரை நகர்த்த வேண்டும். கிழிந்த நாற்காலியில் விரிப்பைப் போட வேண்டும். அதன் பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். வெளி ஆள் முன்னால் எதுவும் குறையாகத் தெரியக்கூடாது.

ஊருக்குத் திரும்பி, கல்யாணம் செய்து, கணவன் புவனோஸ் ஐரிசுக்குக் கொத்து வேலைக்குப் போய், அவனுடைய போன் அழைப்புகள் மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தபோதும் அவள் வாசல் எப்போதும் பெருக்கியே இருந்தது. சாலையில் இறங்கிக் கத்துவாள்; ஆனால் வெளி ஆள் வந்திருக்கும்போது வீட்டில் தட்டு அடுக்காமல் கிடந்தால் அவளுக்குக் கூசும்.

கத்துவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பெற்றோர் சங்கத்தை நெடுஞ்சாலைக்கு இழுத்து வந்தவள் அவள்தான். மரக்கட்டையைக் குறுக்கே போட்டு அரை மணி மறிப்பார்கள், அரை மணி விடுவார்கள். போலீசோடு அப்படி ஓர் உடன்பாடு. சோயா லாரிக்காரர்கள் இறங்கி வந்து திட்டுவார்கள். அவர்களுக்கும் பச்சிலை இடித்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவாள். உள்ளூர் ரேடியோவில் பேசினாள். இரண்டு பஸ் நிறைய அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு தலைநகரத்துக்குப் போய், அமைச்சக வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தாள். வாசல் காவலாளி, இங்கே சமைக்கக்கூடாது என்றாராம். அப்படியானால் உள்ளேயிருந்து சாப்பாடு அனுப்புங்கள் என்றாளாம் சபினா. கடைசியில் ஓர் அதிகாரி இறங்கி வந்து வாக்குக் கொடுத்தார். நிலைமையைப் பார்க்கக் குழு வரும். அபாயமான கட்டடம் என்று குழு சொன்னால், அந்த வருடப் பணத்திலேயே புது அறைகள் கட்டப்படும், ஏழாம் வகுப்பும் திறக்கப்படும்.

அன்று திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வரை பாடிக்கொண்டே வந்தார்கள்.

குழு வரும் நாள் தெரிந்ததும் மாமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். சபினா முதலில் பேசினாள்.

"எதையும் தொடாதீங்க. வர்றவங்களை நேரா உத்தரத்துக்குக் கீழ உக்கார வைங்க. தலையில நாலு கரையான் விழுந்தா தானா எழுதுவாங்க."

சிரித்தார்கள். தெயோலிந்தா சிரிக்கவில்லை.

"அவ்வளவு தூரத்துலேருந்து ஆள் வர்றாங்க. கோழி எச்சத்துலயா உக்கார வைப்ப? இவங்களுக்கு ஒரு அறைய வச்சுக்கத் தெரியல, இவங்களுக்கு எதுக்குப் புதுசுன்னு கேப்பாங்க."

தலைமையாசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டே, அம்மா சொல்வது சரிதான் என்றார். அவருக்கும் கூசியது. எல்லோருக்குமே கூசியது. அவள் சொன்னது அவர்கள் மனதில் இருந்ததைத்தான். சபினா கூட வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அந்த வாரம் முழுக்க வேலை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பூட்டிக் கிடந்த அறைக்குள் ஆண்கள் கூரைக்கு இரண்டு முட்டுக்கட்டை கொடுத்து, அவற்றையும் வெள்ளை அடித்தார்கள். உத்தரத்திலிருந்து தூசு கொட்டிக்கொண்டே இருந்ததால் தெயோலிந்தா ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டுக்கு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு கேட்டு வாங்கினாள். எல்லாவற்றையும் ஒன்றாகத் தைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, சுவருக்குச் சுவர் இழுத்து ஆணி அடிக்க வைத்தாள். சபினாவின் கல்யாண விரிப்பு நடுவில் வந்தது. அண்ணாந்து பார்த்தால் மேகம் மாதிரி இருந்தது. பிள்ளைகள் உள்ளே வந்ததும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், தேவாலயத்தில் பேசுவது போல.

குழு ஒரு ஜீப்பில் வந்தது. ஒரு பொறியாளர், ஓர் அதிகாரியம்மா, ஓட்டுநர். நல்ல மனிதர்கள். அந்த அறையிலேயே மேசை போட்டிருந்தார்கள். கோழி வறுத்திருந்தது. மண் அடுப்பில் சுட்ட சோளப் பணியாரம் பாலாடைக்கட்டி மணத்தோடு நறுக்கி அடுக்கியிருந்தது. பெண்பிள்ளைகள் தலையில் புட்டி வைத்து ஆடினார்கள். நிமியாவின் தலையில் புட்டி அசையவே இல்லை. அதிகாரியம்மா கை தட்டினாள்.

பொறியாளர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அபாயமான அறைன்னு எழுதியிருந்தீங்களே, அது எதும்மா?"

"இதுதான் சார்" என்றாள் தெயோலிந்தா.

அவர் அண்ணாந்து பார்த்தார். அவளும் பார்த்தாள். வெள்ளையாக, ஒரு சுருக்கம் இல்லாமல், அவள் கையால் தைத்தது. விரலை மேலே நீட்டினாள்.

"துணிக்கு மேல எல்லாம் கரையான் சார். உத்தரமே இல்ல."

"இருக்கலாம்மா. ஆனா நான் பாத்ததைத்தான் எழுத முடியும். அதக் கொஞ்சம் கழட்டுங்களேன், பாத்துடறேன்."

சபினா ஏணிக்கு ஓடினாள். வாசல் வரை போனவளைத் தெயோலிந்தாவின் குரல் நிறுத்தியது. மேசையில் தட்டுகள் நிறைந்திருந்தன. அதிகாரியம்மா அப்போதுதான் முதல் துண்டை வாயில் வைத்திருந்தாள். துணியை அவிழ்த்தால் அத்தனை தூசும் சாப்பாட்டின் மேல் கொட்டும்.

"முதல்ல சாப்பிடட்டும் சபினா. அப்புறம் கழட்டிக்கலாம்."

சாப்பிட்டார்கள். பொறியாளர் இரண்டாவது துண்டு வாங்கிக்கொண்டார். காலையில் பார்த்த பள்ளியில் பன்றி படுத்திருந்தது என்றும், இங்கே மக்கள் எவ்வளவு ஒற்றுமை என்றும் சொன்னார். அப்போது ஓட்டுநர் உள்ளே வந்து, தெற்கே மேகம் கறுத்துவிட்டது, மழை விழுந்தால் செம்மண்ணில் ஜீப் ஏறாது, இன்னும் ஒரு பள்ளி பாக்கி என்றார். எல்லோரும் எழுந்தார்கள். தெயோலிந்தா ஏணியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அவள் தோளைத் தொட்டு, கவலைப்படாதீங்க, எல்லாத்தையும் எழுதிடறேன் என்றார். மிச்சமிருந்த பணியாரத்தை யாரோ காகிதத்தில் சுற்றி அவர் கையில் கொடுத்தார்கள்.

மழை அன்று பெய்யவே இல்லை.

அபாயப் பட்டியலில் சேர்ந்த பள்ளிகளின் பெயர்களை ரேடியோவில் வாசித்தபோது முக்கில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். பன்றி படுத்திருந்த பள்ளி வந்தது. தகுவாராமி வரவில்லை. தெயோலிந்தா உலக்கையை நிறுத்தவில்லை. உரலில் இருந்தது கூழான பிறகும் இடித்துக்கொண்டிருந்தாள். சபினாதான் வந்து கையைப் பிடித்தாள். அவள் எதுவும் சொல்லிக் குத்திக்காட்டவில்லை. தெயோலிந்தாவுக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"ரெண்டு வார்த்தை திட்டிடேன்" என்றாள்.

"திட்ட என்ன இருக்கு? என் விரிப்பும்தான் அங்க தொங்குது."

தலைமையாசிரியர் படம் எடுத்து அனுப்பினார். அலுவலகத்துக்கு நேரிலும் போனார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். வந்த குழு நல்லவிதமாக எழுதியிருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார்கள். பூட்டிய அறைக்குள் விரிப்பின் நடு கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்க ஆரம்பித்தது. கரையான் அரைத்த தூள் அதில் சேர்ந்து, நிறைமாதக்காரியின் வயிறு போல இறங்கி வந்தது. யாருக்கும் அதை அவிழ்க்கக் கை வரவில்லை.

நிமியா ஆறாவது முடித்தாள். வகுப்பில் முதல். கோடை விடுமுறையில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவளே சொன்னாள்.

"நான் போறேம்மா. அசுன்சியோன்ல ஞானத்தாய் வீட்டுல வேலைக்குப் பொண்ணு கேட்டாங்கல்ல. எனக்குப் படிக்கணும்."

ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்றாள் தெயோலிந்தா. ஒரு வருடம் பொறுத்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று மகள் கேட்டாள். மூத்த பெண்கள் இரண்டு பேரின் பெயரைச் சொன்னாள். ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு இருந்தாள்.

கிளம்புவதற்கு முன் வந்த நாட்களில் தெயோலிந்தா மகளுக்குத் துணி துவைக்கவோ சமைக்கவோ சொல்லிக்கொடுக்கவில்லை. கொல்லையில் நிற்க வைத்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்தாள்.

"இப்ப நான்தான் அந்த வீட்டுக்கார அம்மா. பள்ளிக்கூட நேரம். நிமியா, மாடிய ஒரு தடவ தொடச்சிடு. சொல்லு இப்ப."

"எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு, அம்மா."

"கேக்கல."

"எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"ரோட்டுல நாம எப்படிச் சொல்லுவோம்? அப்படிச் சொல்லு."

"ரோட்டுல நிறைய பேரு இருப்போமேம்மா" என்றாள் நிமியா.

தெயோலிந்தா கொடியில் கிடந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

பிப்ரவரியில் மகள் போனாள். ஞாயிறுதோறும் போன் வரும். நல்லா இருக்கேன், வீட்டுக்கார அம்மா நல்லவங்க, குழந்தைக்கு என்னை ரொம்பப் பிடிக்குது. பள்ளிக்கூடம் என்று கேட்டால், அடுத்த வாரம் சேக்குறேன்னு சொல்லியிருக்காங்க. பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்கும். போனை வைத்துவிடுவாள்.

மார்ச் கடைசியில் சங்கம் மறுபடி சாலைக்கு வந்தது. தெயோலிந்தா வரமாட்டாள் என்று சிலர் நினைத்தார்கள். அவள்தான் கட்டையின் ஒரு முனையைப் பிடித்து வந்தாள். ரேடியோக்காரன் மைக்கோடு அவளிடம் வந்து, உங்க பிள்ளைங்க யாரு இந்தப் பள்ளிக்கூடத்துல என்று கேட்டான். இங்கே யாரும் இல்லை, ஒரே மகள் அசுன்சியோனில் இருக்கிறாள் என்றாள்.

"அங்க என்ன படிக்கிறாங்க?"

"ஏழாவது" என்றாள் தெயோலிந்தா.

சொன்ன விதத்தில் பெருமை கூட இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தலையை ஆட்டினார்கள். ரேடியோக்காரன் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தான். சபினா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போன்களைப் பற்றி அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தெயோலிந்தா எட்டி ரேடியோக்காரனின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"தம்பி, இங்க வா. அத மாத்திப் போடு. எம்மவ படிக்கல. இன்னும் சேக்கல. வீட்டு வேல செய்யறா, குழந்த பாத்துக்கறா. இங்க ஏழாவது இருந்திருந்தா என்கிட்ட இருந்திருப்பா. வந்தவங்களுக்குக் கூரையக் காட்டாம மூடினது நான்தான். அதையும் போடு."

மைக் அவள் முகத்துக்கு முன்னாலேயே இருந்தது.

அரை மணி முடிந்திருந்தது. லாரிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. போலீஸ்காரர் நடந்து வந்து, நேரமாயிடுச்சு ஞா தெயோலிந்தா, வழிய விடுங்க என்றார். மூத்த பெண்களை அழைக்கும் 'ஞா' போட்டு, தன் அம்மாவிடம் பேசும் மரியாதையோடுதான் சொன்னார்.

"தெரியும்" என்றாள் அவள். கட்டையை நகர்த்தாமல் அதன் மேலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சபினா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.