எரிந்துபோன சர்வரும் எடுக்காத போனும்

அந்த மருத்துவமனையில் அவருக்கு 'டபுள்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. கைப்பையில் இரண்டு மூக்குக்கண்ணாடி, மேசைக்கு அடியில் இரண்டு குடை, சர்வர் அறையின் குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர். எதை எடுத்தாலும் இரண்டு.

"எல்லாம் ரெண்டு ரெண்டு வச்சிருக்கீங்க, புருஷன் மட்டும் ஏன்க்கா ஒண்ணு?" என்று கேட்பார் கூட வேலை செய்யும் நெட்வொர்க்காரர். அவருக்கு 'வயர்' என்று பெயர். நாற்பதைத் தொடும் வயது, ஒல்லி, எப்போதும் தோளில் ஒரு கேபிள் சுருள்.

"அதுக்கும் ஒரு பேக்கப் இருக்கு தம்பி. எங்கேன்னு சொல்லிட்டா அப்புறம் அது பேக்கப்பா?"

மூன்றாவது மாடிக் கோடியில், துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் அவர்களுடைய சர்வர் அறை. உள்ளே இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள். ஒன்றில் நோயாளிகளின் பதிவுகள். மற்றதில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் முடிவுகள். முந்நூறு படுக்கைக்கும் அந்த இரண்டு பெட்டிகள்தான் ஞாபகசக்தி. ஒன்பது வருடமாக அவற்றைப் பார்த்துக்கொள்வது டபுளின் வேலை.

போன மாதம் கூரையில் ஒரு தண்ணீர்க் குழாய் உடைந்தது. ஒழுகிய தண்ணீர் சர்வருக்கு ஒரு சாண் தள்ளி நின்றுவிட்டது. மேலாளர் வந்து ஈரத் தரையைப் பார்த்தார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார்.

"நனைஞ்சிருந்தா?"

"காப்பி இருக்கு சார்."

"இருக்குன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. திறந்து காட்டினவங்க யாரு?"

மறுநாளே நிபந்தனையும் வந்தது. பேக்கப் திட்டத்தைப் புதிதாக எழுத வேண்டும். பிறகு ஒரு வேலைநாளில், சர்வர்கள் எரிந்துபோனதாக வைத்துக்கொண்டு, காப்பியிலிருந்து எல்லாவற்றையும் ஓர் உதிரி மெஷினில் மூன்று மணி நேரத்துக்குள் திறந்து காட்ட வேண்டும். காட்டினால் வேலை இவர்கள் கையிலேயே இருக்கும். இல்லையென்றால் வெளிக் கம்பெனிக்குப் போகும். டபுளும் வயரும் பிரின்டர்களுக்கு மை மாற்றிக்கொண்டு வார்டு வார்டாகத் திரிய வேண்டியதுதான்.

திட்டம் எழுத டபுள் கம்ப்யூட்டர் முன் உட்காரவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வார்டுகளுக்குப் போனார். எல்லோரிடமும் ஒரே கேள்வி: எவ்வளவு நேரத்துப் பதிவு தொலைந்தால் தாங்குவீர்கள்?

"என்னம்மா, தொலைக்கிறதுக்கு முன்னாடியே அனுமதி கேக்கறியா?" என்றார் தலைமை நர்ஸ், ஊசி மருந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி.

"கேட்டுட்டுத் தொலைச்சா திட்டு கம்மியா விழும்ல, சிஸ்டர்."

நர்ஸ் சிரித்தார். பிறகு யோசித்துச் சொன்னார். "கால் மணி நேரம்னா எங்க பொண்ணுங்க ஞாபகத்துலயே இருக்கும். ஒரு மணி நேரம்னா குப்பைத்தொட்டியில இருக்கிற காலி ஊசிக் கவரை எண்ணிக் கண்டுபிடிச்சுடுவேன். ஒரு நாள் போச்சுன்னா யாருக்கு என்ன போட்டோம்னு சத்தியமா எனக்குத் தெரியாது. அப்ப உன்னைத்தான் தேடி வருவேன்."

கால் மணி நேரம். நோட்டில் அதைக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டார். திட்டம் அதிலிருந்து வளர்ந்தது. தினமும் ஒரு முழுக் காப்பி. நடுவில், கால் மணிக்கு ஒருமுறை, மாறியவை மட்டும். ஒரு பிரதி தரைத்தளத்தில். இன்னொன்று நான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிளைக் கட்டிடத்தில். மூன்றாவது எந்தக் கம்பியிலும் சேராத ஒரு டிஸ்கில், அலமாரிக்குள். வைரஸ் வந்தாலும் அலமாரிக் கதவைத் தட்டித்தான் வர வேண்டும்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒத்திகை. "ரெண்டு சர்வரும் எரிஞ்சு போச்சு" என்று அறிவித்துவிட்டு மேலாளர் தம் அறைக்குப் போய்விட்டார். வயர் கிளைக் கட்டிடத்திலிருந்து காப்பியைக் கொண்டுவந்தார். பத்து ஐம்பதுக்கு உதிரி மெஷின் தயார். இரண்டு மணி நேரம் மிச்சம். டபுள் பட்டனைத் தட்டினார்.

திரை சாவி கேட்டது.

காப்பி திருடு போனாலும் நோயாளிகளின் விவரத்தை யாரும் படிக்கக் கூடாது என்பதால், எல்லாப் பிரதிகளும் பூட்டித்தான் வைக்கப்படும். திறக்க நீளமான ஒரு பாஸ்வேர்டு வேண்டும். டபுள் அதையும் வழக்கம்போல இரண்டு இடத்தில் வைத்திருந்தார். ஒன்று, சற்று முன் எரிந்துபோன சர்வரில். மற்றொன்று, இதோ கண்முன்னே பூட்டிக் கிடக்கும் இந்தக் காப்பிக்குள்.

மாதாமாதம் சோதித்தவர்தான். ஆனால் சோதித்ததெல்லாம் அதே சர்வரில். அங்கே சாவி பக்கத்திலேயே இருந்ததால் கேட்காமலே திறந்துகொண்டது.

வயர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, நிஜமாவா எரிஞ்சிருக்கு? இதோ பக்கத்துலதான் ஓடிட்டிருக்கு. ஒரே நிமிஷம், போய்ப் பார்த்துக் குறிச்சுட்டு வந்துடறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

டபுள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் மிச்சம் இருந்தது. ஒரு நிமிட வேலை.

"சாம்பல்ல இருந்து எப்படிக் குறிப்ப, தம்பி?"

"பிரின்டருக்கு மை ஊத்தப் போறோம்கா."

"ஊத்துவோம்."

அறிக்கையை அவரே எழுதினார். 'ஒத்திகை தோல்வி. காரணம்: சாவியை வைத்த இடம் தவறு. வைத்தது நான்.' மூன்று வரியை எழுத அரை மணி நேரம் ஆனது.

வீட்டில் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுவதும் அடுத்தவர் பிரேக்கை நம்பி உட்காருகிறவர். கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்தார்.

"வீட்டுச் சாவியில ஒண்ணைப் பக்கத்து வீட்டுல குடுத்து வச்சிருக்கியே, அது யார் புத்தி?"

"என் புத்திதான்."

"அந்தப் புத்தியை ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போக மறந்துட்டியாக்கும்."

"போதும், வெங்காயத்தைப் பாருங்க. கண்ணுல தண்ணி வருது."

"உனக்கா, எனக்கா?"

வியாழக்கிழமை மேலாளர் அறிக்கையை இரண்டு முறை படித்தார்.

"எழுதாம விட்டிருந்தா?"

"பாஸ்னு நீங்க கையெழுத்துப் போட்டிருப்பீங்க சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அடுத்த புதன் மறுபடி. அதே மூணு மணி நேரம். கடைசி தடவை."

அந்த ஒரு வாரத்தில் டபுள் பாஸ்வேர்டைக் காகிதத்தில் அச்சடித்து இரண்டு உறைகளில் போட்டு அரக்கு வைத்தார். ஒன்று கிளைக் கட்டிடத்தில். இன்னொன்று மருந்தகத்தில், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கும் போதை மருந்து அலமாரியில். பிறகு, முதலில் எந்த மெஷின், அடுத்து எந்தக் கட்டளை, எங்கே எந்த உறை என்று எல்லாவற்றையும் ஆறு பக்கத்துக்கு எழுதினார்.

புதன் பத்து மணிக்கு மேலாளர் வந்தார். "ரெண்டு சர்வரும் எரிஞ்சு போச்சு. கிளைக் கட்டிடத்துக்கு லைனும் இல்ல, ரோடும் இல்ல." கதவுவரை போய்த் திரும்பினார். "நீங்களும் இல்ல."

"புரியல சார்."

"நீங்க லீவு. ஊர்ல இல்ல. அவர் செய்யட்டும்."

டபுளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது வருடத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு வைத்தவர், தனக்கு ஒரு மாற்றுகூட வைத்திருக்கவில்லை. இனி வயர் இருக்கிறார். அந்த ஆறு பக்கம் இருக்கிறது. அவ்வளவுதான். வயரின் தோளிலிருந்து கேபிள் சுருள் நழுவியது. டபுள் காகிதங்களை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு வெளியே வந்தார்.

தலைமை நர்ஸின் வார்டு வராந்தாவில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தார். பதினொன்று ஆனது. மருந்தகத்துப் பக்கமிருந்து வயர் ஓர் உறையைப் பிடித்துக்கொண்டு படியேறுவது தெரிந்தது. முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற அப்பன் மாதிரி உக்காந்திருக்க" என்றார் நர்ஸ்.

"நாலாவது பக்கத்துல ஒரு வரி சரியா எழுதினேனான்னு சந்தேகமா இருக்கு சிஸ்டர்."

"ஊர்ல இல்லாதவங்களுக்கு என்ன சந்தேகம்?"

பன்னிரண்டு இருபதுக்குக் கைப்பேசி அடித்தது. வயர். டபுள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். நாலாவது பக்கம்தான், நிச்சயம் நாலாவது பக்கம்தான். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். நர்ஸ் கையை நீட்டினார். டபுள் கைப்பேசியை அதில் வைத்தார். நர்ஸ் அதைத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊசி போடப் போய்விட்டார். பையிலிருந்து அது அடித்துக்கொண்டே போனது.

ஒரு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது டபுள் மூன்றாவது மாடிக்கு ஏறினார். சர்வர் அறை வாசலில் மேலாளர் நின்றிருந்தார். உள்ளே வயர் நாற்காலியில் சாய்ந்து, டபுளின் ஸ்வெட்டரைப் போர்த்திக்கொண்டு இருந்தார். உதிரி மெஷினின் திரையில் காலை ஒன்பதே முக்காலுக்குத் தலைமை நர்ஸ் வார்டில் போட்ட ஓர் ஊசியின் பதிவு, மருந்தின் பெயரோடும் அளவோடும் திறந்திருந்தது.

"கால் மணி நேரம்தான் காணோம்" என்றார் மேலாளர். ஆறு பக்கத்தின் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

"எதுக்கு தம்பி அத்தனை தடவை கூப்பிட்ட? நாலாவது பக்கமா?"

"நாலாவது பக்கத்துக்கு என்னக்கா? திறந்துடுச்சுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்." வயர் ஸ்வெட்டரை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அஞ்சாவது தடவை சிஸ்டர் எடுத்தாங்க. நீங்க ஊர்ல இல்லன்னு சொன்னாங்க."