கதிருக்குக் கழுத்து நீளும் மருந்து

மார்ச் 2008, ஞாயிறு. காலை 6.10-க்குக் கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினேன். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் பதினான்கு ரூபாய். மடியில் ஒரு பாட்டில் ஸ்பிரிட். சிதம்பரத்தை ஒட்டிய வீரிய ஒட்டு நெல் விதைப்பண்ணையில் வேலை பார்க்கும் என் மனைவி தேன்மொழி கேட்டிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம். கடலூரில் ஆபீஸ் வேலை பார்க்கும் நான் அங்கேயே மஞ்சக்குப்பத்தில் அப்பா வீட்டில், அவள் பண்ணைக் குவார்ட்டர்ஸில். விடியும் முன்பே வயலில் நிற்க வேண்டிய வேலை அவளுக்கு. அவள் துறையின் கடலூர் அலுவலகத்தில் ஒரு இடம் காலியாகியிருந்தது. அதற்கு மாற்றல் கேட்க அவளை இன்று சம்மதிக்க வைத்தே தீருவது என்று கிளம்பினேன். வாரத்தில் ஆறு நாள் அவளுக்காக ஏங்குவது அலுத்துவிட்டது.

குடிகாடு தாண்டியதும் பாட்டிலின் வாடை கிளம்பியது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

"இன்னா மச்சான், பாண்டி சரக்கா? காலையிலயேவா?"

"நெல்லுக்குங்க."

"அது குடிச்சிட்டு ஆடாதா?"

7.30-க்குச் சிதம்பரம். வயலில் தேன்மொழி ஸ்பிரிட்டில், பயிரை நீளவைக்கும் ஹார்மோனான ஜிப்ரலிக் அமிலப் பொடியைக் கரைத்தாள். அது நேராகத் தண்ணீரில் கரையாதாம்.

"குட்டை நெல்லுல இருக்கற மரபணு, இந்த ஹார்மோனை ஜாஸ்தி சுரக்க விடாது மாமா. அதான் காத்துல சாயாம நிக்குது. ஆனா சொந்த மகரந்தம் இல்லாத இந்தப் பெண் வரிசைக்குக் கதிரோட கழுத்துக்கே பத்தல. பாருங்க, பாதிக் கதிர் இலை உறைக்குள்ளயே கெடக்கு. பக்கத்துல ஆண் வரிசை இருந்து இன்னா பிரயோஜனம்? மகரந்தம் எப்புடி உள்ள போவும்?"

முந்தாநாள் மருந்தடித்த பாத்தியில் கதிர்கள் கழுத்தை நீட்டி வெளியே நின்றன.

10 மணிக்குப் பூ விரிந்தது. வயலின் இரு கரையிலும் நின்று ஆளுக்கொரு முனையாகக் கயிறு பிடித்து, ஆண் வரிசைகளின் தலையை உரசிக்கொண்டே நடந்தோம். மகரந்தம் பெண் வரிசைகளின் மேல் புகையாகப் பறந்தது. நடுவில் வயலை வைத்துக்கொண்டு கத்தித்தான் கேட்டேன்.

"மாற்றல் கேக்கறியா?"

"கயிறு தொங்குது, இழுத்துப் புடிங்க!"

மாலை 5 மணிக்கு பஸ்ஸில் ஏற்றிவிட வந்தவள், ஜன்னலோரம் நின்று சொன்னாள். "இந்த வயலத் தூக்கிக்கினு கடலூர் வர முடியாது. ஒன்னேகால் மணி நேரம்தான மாமா? நீங்க இங்க இருந்துக்கினு தெனம் ஆபீஸ் போய்ட்டு வரலாமே."

பஸ் நகர்ந்துவிட்டது. பெண்தான் புருஷன் வீட்டுக்கு வரவேண்டும் என்றே வளர்ந்தவன். இரண்டு வருடமாக இந்தச் சின்னக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. வெள்ளாறு போனது, வயல்கள் போயின. மஞ்சக்குப்பத்தில் எனக்காக என்ன காத்திருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு டேபிள் ஃபேன்.

ஆலப்பாக்கத்தில் இறங்கி, சாலையைத் தாண்டி, எதிரே வந்த சிதம்பரம் பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.